நூறு சதவீதம் முடிந்தது, கற்றது எவ்வளவு?

ஆன்லைன் கோர்ஸ் விளம்பரம் எதை எடுத்தாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான். நூறு மணி நேர வீடியோ, வாரம் இரண்டு லைவ் கிளாஸ், எப்போது வேண்டுமானாலும் எல்.எம்.எஸ். அக்சஸ், டவுன்லோடு செய்துகொள்ள நோட்ஸ், இருபத்து நான்கு மணி நேரமும் சந்தேகம் தீர்க்கும் ஏ.ஐ. டியூட்டர், முடித்தவுடன் சர்டிபிகேட். பிள்ளையின் நுழைவுத் தேர்வுக்குப் பணம் கட்டும் பெற்றோர், ஆபீஸ் கட்டாயமாக்கிய பயிற்சியை இரவில் உட்கார்ந்து முடிக்கும் ஊழியர், கிரெடிட்டுக்காக ஆன்லைன் பாடம் எடுக்கும் கல்லூரி மாணவர் ஆகிய எல்லோருக்கும் இந்தச் சொற்கள் பழகிப்போய்விட்டன. பழகிய சொற்களைப் பிரித்துப் பார்க்க யாருக்கும் தோன்றுவதில்லை. பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும். சில சொற்கள் பாடத்தைச் சேமித்து வைப்பதையும் அனுப்பிவைப்பதையும் குறிக்கின்றன. சில, மாணவர் என்ன செய்தார் என்று கணக்கெடுப்பதைக் குறிக்கின்றன. மிகச் சிலதான் கற்பிப்பதைக் குறிக்கின்றன. விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் வருபவை பெரும்பாலும் முதல் இரண்டு வகை. ஒருவர் உண்மையில் கற்றாரா என்பதைத் தீர்மானிப்பதோ மூன்றாவது வகை. எது எந்த வகை என்று தெரியாமல் பணம் கட்டுகிறவர், கற்பிப்பதற்கு உரிய விலையைக் கொடுத்து, சேமிப்புக் கிடங்கை வாங்கி வருகிறார்.

முதலில் அனுப்பிவைக்கும் வகை. எல்.எம்.எஸ். என்பது பாடம், வீடியோ, வீட்டுப்பாடம், மதிப்பெண் எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைத்து, யாருக்கு எதைக் காட்டுவது என்று நிர்வகிக்கும் மென்பொருள். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூஜியாமஸ் உருவாக்கி 2002இல் வெளியிட்ட மூடுல் இவற்றில் பேர்போனது. யாரும் இலவசமாக எடுத்து நிறுவிக்கொள்ளலாம் என்பதால் உலகமெங்கும் கல்லூரிகள் அதைப் பயன்படுத்துகின்றன. ஆகவே ‘எங்களிடம் எல்.எம்.எஸ். இருக்கிறது’ என்பது தனிப் பெருமை ஆகாது. லைவ் கிளாஸ் என்றால் ஆசிரியரும் மாணவரும் ஒரே நேரத்தில் இணையத்தில் இருக்கிறார்கள். கை தூக்கிக் கேள்வி கேட்க வழி உண்டு. ரெக்கார்டட் என்றால் அவரவர் வசதிப்படி பார்க்கலாம். கேள்வி கேட்க ஆளில்லை. ஸ்ட்ரீமிங்கில் வீடியோ சிறு சிறு துண்டுகளாக வந்துகொண்டே இருக்கும். வரும் வேகம் பார்க்கும் வேகத்துக்கு ஈடுகொடுக்காதபோது நடுத்திரையில் வட்டம் சுற்றுகிறதே, அதுதான் பஃபரிங். டவுன்லோடு செய்தால் முழுக் கோப்பும் போனுக்குள் வந்துவிடும். பிறகு சிக்னல் தேவையில்லை. ஒரு போனை அண்ணனும் தங்கையும் பங்குபோடும் வீட்டுக்கு, டவுன்லோடு வசதி இருக்கிறதா என்பது மிக முக்கியமான கேள்வி. ஆனால் இத்தனையும் பாடம் வந்து சேருவதைப் பற்றிய செய்தி மட்டுமே. வந்து சேர்ந்த பாடம் மண்டையில் ஏறியதா என்பதைப் பற்றி இவற்றில் ஒரு சொல்லும் இல்லை.

அடுத்தது கணக்கெடுக்கும் வகை. இங்கேதான் ஏமாற்றம் நுணுக்கமாக நடக்கிறது. புரோகிரஸ் பார், டாஷ்போர்டு, பச்சை டிக், கம்ப்ளீஷன் ரேட் எல்லாம் இந்த வகை. இவற்றுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்கார்ம் என்னும் தரவிதி உதவும். ஒரு நிறுவனத்தின் மென்பொருளுக்காகத் தயாரித்த பாடம் இன்னொன்றில் ஓடாது என்ற நிலை 1990களில் இருந்தது. ஒரே பயிற்சிக்குத் திரும்பத் திரும்பச் செலவு செய்ய வேண்டியிருந்தது. இதற்கு முடிவுகட்ட அமெரிக்கப் பாதுகாப்புத் துறை தொடங்கிய திட்டம் ஒன்று, எந்தப் பாடமும் எந்த எல்.எம்.எஸ்.ஸிலும் ஓடும்படி பொது விதிகளை வகுத்தது. அந்த விதிகள்தான் ஸ்கார்ம். அதன் 1.2 பதிப்பு 2001இல் வந்தது. இன்றும் ஆபீஸ் பயிற்சிகளில் அது புழங்குகிறது. அந்த விதிப்படி பாடம் எல்.எம்.எஸ்.ஸுக்கு மாணவரின் நிலையை அனுப்பும். அதற்கு ஆறு மதிப்புகளே உண்டு. தேறினார், தவறினார், முடித்தார், முடிக்கவில்லை, மேலோட்டமாகப் பார்த்தார், தொடவே இல்லை. எப்போது ‘முடித்தார்’ என்று அனுப்ப வேண்டும் என்பதைப் பாடம் தயாரிப்பவரே முடிவு செய்கிறார். கடைசி ஸ்லைடைத் திறந்தாலே ‘முடித்தார்’ என்று அனுப்பும்படி வைத்தால் அதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. வீடியோவை ஓடவிட்டுச் சமையலறைக்குப் போய் வந்தவருக்கும், பேனாவும் தாளுமாக உட்கார்ந்தவருக்கும் ஒரே பச்சை டிக் விழும். அடுத்த பெரிய பதிப்பான ஸ்கார்ம் 2004, முடித்தாரா என்பதையும் தேறினாரா என்பதையும் தனித்தனிப் புலங்களாகப் பிரித்தது. இரண்டும் வெவ்வேறு சங்கதி என்பதை அந்தத் துறையே ஒப்புக்கொண்டது என்று இதை வாசிக்கலாம். நம் வீட்டு டாஷ்போர்டுகளில் அந்தப் பிரிவினை இன்னும் தெளிவாகத் தெரிவதில்லை.

கணக்கெடுப்பின் எண்கள் எவ்வளவு பெரிதாக வீங்கும் என்பதற்கு மூக் நல்ல சாட்சி. ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் இலவசமாகச் சேரும்படி திறந்துவிடப்படும் பல்கலைக்கழகப் பாடத்துக்கு மூக் என்று பெயர். 2012இல் எம்.ஐ.டி. நடத்திய மின்சுற்றுகளும் மின்னணுவியலும் பாடத்தில் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். உலகச் செய்தியானது. சான்றிதழ் பெற்றவர்கள் 7,157 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை. பிறகு எம்.ஐ.டி.யும் ஹார்வர்டும் எட்எக்ஸ் தளத்தில் 2012 முதல் 2018 வரை நடத்திய பாடங்களின் தரவை ஜஸ்டின் ரைக், ஹோசே ருய்பெரெஸ் வாலியென்டே இருவரும் அலசி 2019இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேல் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18ஆம் ஆண்டில் முடித்தவர்கள் 3.13 சதவீதம்தான். ஆறு ஆண்டுக்காலத்தில் வீடியோ தரமும் தளத்தின் வசதியும் எவ்வளவோ கூடியும் இந்த விகிதம் ஏறவில்லை. அனுப்பிவைப்பதைச் செம்மைப்படுத்தினால் கற்றல் தானாக வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடப் பெரிய சோதனை நடந்ததில்லை.

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. நூலகத்தில் புத்தகத்தை எடுத்து நாலு பக்கம் புரட்டிவிட்டு வைப்பவரைத் தோற்றவர் என்கிறோமா? இலவசப் பாடத்தில் எட்டிப் பார்க்க வந்தவரும் உண்டு. தனக்கு வேண்டிய ஓர் அத்தியாயத்தை மட்டும் படித்துவிட்டுப் போனவரும் உண்டு. அவர்களை எல்லாம் ‘முடிக்காதவர்’ கணக்கில் தள்ளுவது தவறு என்பார்கள். சரிதான். அதே ஆய்வில், சான்றிதழுக்காகப் பணம் கட்டிச் சேர்ந்தவர்களில் 2017-18இல் 46 சதவீதம் பேர் முடித்திருக்கிறார்கள். உறுதியோடு வருபவர் நிலை வேறு என்பதை இது காட்டுகிறது. ஆனால் இந்த மறுப்பு என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. முடித்தோர் விகிதம் குறைவாக இருப்பதால் பாடம் மோசம் என்று சொல்ல முடியாது என்றால், விகிதம் அதிகமாக இருப்பதால் பாடம் நல்லது என்றும் சொல்ல முடியாது. கட்டாயப் பயிற்சியில் நூற்றுக்கு நூறு பேரும் முடிப்பார்கள். சம்பள உயர்வு அதில் தொங்குகிறதே! யார் எதற்காக வந்தார் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. என்ன கற்றார் என்பதை வேறு இடத்தில் தேட வேண்டும்.

தேட வேண்டிய இடம் மூன்றாவது வகை. அதில் முதல் சொல், விளம்பரத்தில் இடம் பிடித்தாலும் கடைசி வரியில் ஒட்டிக்கொண்டிருக்கும் குவிஸ். 2006இல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் இருவரும் ஓர் எளிய சோதனை நடத்தினார்கள். மாணவர்களுக்கு ஓர் உரைநடைப் பகுதி. ஒரு குழு அதை நான்கு சுற்று திரும்பத் திரும்பப் படித்தது. இன்னொரு குழு ஒரு சுற்று படித்துவிட்டு, மூன்று சுற்று பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பப் படித்தவர்களே முன்னால் நின்றார்கள்: 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். நினைவிலிருந்து எழுதியவர்களுக்கு 61 சதவீதம் மிஞ்சியிருந்தது. திரும்பப் படித்தவர்களுக்கு 40தான். வீடியோ பார்ப்பது திரும்பப் படிப்பதைப் போன்றது. பார்க்கும்போது எல்லாம் புரிந்ததுபோல் இருக்கும். அடுத்த வாரம் கேட்டால் விழிப்போம். இன்னொரு சோதனையில், 21 நிமிடப் புள்ளியியல் வகுப்பு வீடியோவை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டின் முடிவிலும் ஒரு குழுவுக்குச் சில கேள்விகள் கொடுத்தார்கள். அந்தக் குழுவின் கவனம் குறைவாகச் சிதறியது, குறிப்பு அதிகம் எடுத்தது, இறுதித் தேர்வில் நன்றாகவும் செய்தது. வீடியோவின் நீளத்தைப் பொறுத்தவரை, எட்எக்ஸ் பாடங்களில் 69 லட்சம் பார்வைகளை ஆராய்ந்த 2014ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, வீடியோ எவ்வளவு நீளமானாலும் நடுத்தர மாணவர் அதில் தங்குவது அதிகபட்சம் ஆறு நிமிடமே என்று கண்டது. ‘நூறு மணி நேர வீடியோ’ என்ற பெருமையை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். 1960இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற பெயரில் கணினிவழிக் கற்பித்தல் தொடங்கியபோதே திரை கேள்வி கேட்டது, மாணவர் விசையை அழுத்தி விடை சொன்னார், சரியா தவறா என்று கணினி உடனே சொன்னது. காணொளி மலிவான பிறகுதான் நாம் கேள்வியை ஓரத்துக்குத் தள்ளினோம்.

ஏற்கெனவே பிள்ளைகள் டெஸ்ட், டெஸ்ட் என்று நொந்து கிடக்கிறார்கள், இதில் இன்னும் டெஸ்டா என்று கேட்கத் தோன்றும். இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதால் எழும் கேள்வி இது. நம் ஊர் டெஸ்ட் மாணவரை வரிசைப்படுத்துவதற்கு: யார் முதல் ரேங்க், யார் கடைசி. மேலே சொன்னது மறதியைத் தடுப்பதற்கு. அதற்கு மதிப்பெண் பட்டியல் வேண்டாம், அப்பாவின் கையெழுத்து வேண்டாம். தப்பு செய்தால் எங்கே தப்பு என்று உடனே தெரிந்தால் போதும். அதைத்தான் பீட்பேக் என்கிறோம். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியைக் கணினி நொடியில் திருத்திவிடும். ஒரு பக்கக் கட்டுரையையோ, விடை சரியாக இருந்தும் வழி தவறிய கணக்கையோ திருத்துவதற்கு ஆள் வேண்டும், ஆளுக்குச் சம்பளம் வேண்டும். ஆன்லைன் பாடங்களில் செலவு குறைக்கப்படும் முதல் இடம் இதுதான். ஆகவே ‘ஆயிரம் கேள்விகள் கொண்ட கொஸ்டின் பேங்க்’ என்று போட்டிருந்தால், தப்பான விடைக்கு விளக்கம் வருகிறதா, சிவப்புப் பெருக்கல் குறி மட்டும் வருகிறதா என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் இதை ஓரளவு சரியாக அமைத்திருப்பது என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனமும் சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் அது. முதலில் பாட வீடியோக்களை வெளியிட்டார்கள். 2014இல் சான்றிதழ்ப் பாடங்கள் வந்தன. பாடத்தில் சேரக் கட்டணம் இல்லை. தேர்வு எழுத விரும்புபவர் மட்டும் பணம் கட்டி, குறிப்பிட்ட மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பில் எழுத வேண்டும். மொத்த மதிப்பெண்ணில் வாராந்திர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. சான்றிதழுக்கு அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டிலும் தனித்தனியாகக் குறைந்தபட்சம் உண்டு. தேர்வுக்கான இந்த இரண்டாவது நிபந்தனையின் அருமை கல்லூரி மாணவர்களுக்குத் தெரியும். வாராந்திர அசைன்மென்ட் விடைகளை யூடியூபில் வரிசையாகப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்த்து எழுதி 25க்கு 25 வாங்கிவிடலாம். தேர்வு மையத்தில் அந்த விடைகள் கைகொடுக்காது. அசைன்மென்ட் கற்பதற்கு, தேர்வு கற்றதைச் சரிபார்ப்பதற்கு என்று வேலை பிரிந்திருக்கிறது. கல்லூரிப் பாடங்களில் 40 சதவீதம் வரை, என்.பி.டி.இ.எல். பாடங்களும் இடம்பெறும் அரசின் ஸ்வயம் தளத்தின் வழியே எடுத்துக் கிரெடிட் பெறலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் அனுமதித்திருக்கும் நிலையில், இந்தச் சரிபார்ப்பு இல்லாத சான்றிதழ்களுக்கு மதிப்பு நிற்காது.

மூன்றாவது வகையில் அடுத்த சொல் அடாப்டிவ். மாணவர் சொல்லும் விடையைப் பார்த்து, அவர் தடுமாறும் இடத்துக்கு ஏற்ற அடுத்த கேள்வியை மென்பொருள் எடுத்துத் தருவது. சொல் கவர்ச்சியானது என்பதால் எல்லோரும் போட்டுக்கொள்கிறார்கள். உண்மையில் அப்படிச் செய்தால் பலன் உண்டு என்பதற்கு டெல்லியில் ஆதாரம் இருக்கிறது. மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருள் மையங்களில் சேர, குலுக்கல் முறையில் மாணவர்களைத் தேர்ந்தெடுத்துக் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கனிமியன் மூவரும் செய்த ஆய்வு 2019இல் வெளியானது. தொடக்கத்தில் அளந்தபோது, ஆறாம் வகுப்பு மாணவரின் கணக்குத் திறன் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தது. வகுப்பில் ஆசிரியர் நடத்துவது ஆறாம் வகுப்புப் பாடம். பிள்ளை நிற்பதோ நான்காம் வகுப்பைத் தாண்டாத இடம். மென்பொருள் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் குலுக்கலில் வந்தவர்கள் கணக்கிலும் இந்தியிலும் வராதவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: மையத்தின் தொண்ணூறு நிமிட வகுப்பில் பாதி நேரம்தான் கணினி, மறுபாதியில் சிறு குழுவாக உட்காரவைத்து உதவியாளர் ஒருவர் பாடம் பார்த்தார். இதற்கு நேர் எதிரான சாட்சி பெரு நாட்டில் கிடைக்கிறது. அங்கே 319 கிராமப்புறப் பள்ளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வில், பிள்ளைகளின் கையில் மடிக்கணினி கொடுத்துப் பதினைந்து மாதம் ஆனபின்பும் கணக்கிலும் மொழியிலும் முன்னேற்றம் காணப்படவில்லை. கருவி போய்ச் சேர்ந்தது. அதை வைத்து எப்படிக் கற்பிப்பது என்ற ஏற்பாடு கூடப் போகவில்லை.

இனி ஏ.ஐ. டியூட்டர். பொறுமையாக, எத்தனை தடவை கேட்டாலும் சலிக்காமல், தனித்தனியாகச் சொல்லித் தரும் இயந்திரம் வந்துவிட்டதே, பழைய கவலைகள் எதற்கு என்பது இன்றைய பெரிய மறுப்பு. துருக்கியில் ஏறக்குறைய ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களைக் கொண்டு 2023இல் நடந்த சோதனை இதற்குப் பதில் சொல்கிறது. கணக்குப் பயிற்சியின்போது ஒரு குழுவுக்குச் சாதாரண சாட்ஜிபிடி போன்ற கருவி. இன்னொரு குழுவுக்கு, விடையை நேராகக் கொடுக்காமல் ஆசிரியர்கள் எழுதித் தந்த குறிப்புகளால் வழிகாட்டும் கருவி. பயிற்சியில் முதல் குழு 48 சதவீதம் அதிகம் வாங்கியது, இரண்டாம் குழு 127 சதவீதம் அதிகம். பிறகு கருவியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தார்கள். முதல் குழு, கருவியே இல்லாமல் படித்தவர்களைவிட 17 சதவீதம் குறைவாக வாங்கியது. இரண்டாம் குழுவுக்கு அந்தச் சரிவு நேரவில்லை. அதற்காகப் பெரிய முன்னேற்றமும் இல்லை. பயிற்சிப் பக்கத்தின் டாஷ்போர்டை மட்டும் பார்த்தவருக்கு இரண்டு கருவிகளும் அற்புதம்தான். கணக்கெடுப்பு ஒன்றைச் சொல்ல, கற்றல் வேறொன்றாக இருந்தது. ஏ.ஐ. என்ற சொல்லால் எந்தக் கோர்ஸும் உயர்வதும் இல்லை, தாழ்வதும் இல்லை. கேட்டவுடன் விடை கொடுக்கிறதா, யோசிக்க வைக்கிறதா என்பதே கேள்வி.

வாய்ப்பே இல்லாதவருக்கு வாய்ப்பு கிடைக்கிறதே, அது சிறிய காரியமா என்று கேட்பவர் உண்டு. சிறிய காரியம் இல்லை. ஐ.ஐ.டி. வாசலைக் கனவிலும் மிதிக்காத மாணவர் அந்தப் பேராசிரியரின் வகுப்பைத் தன் ஊரில் உட்கார்ந்து பார்க்கிறார் என்பது நம் காலத்தின் நல்ல மாற்றங்களில் ஒன்று. கொரோனா காலத்தில் பள்ளிகள் பூட்டிக் கிடந்தபோது கல்வி தொலைக்காட்சியும் போன் வகுப்புகளும் இல்லாவிட்டால் பல பிள்ளைகளுக்குப் பாடத்தோடு தொடர்பே அறுந்திருக்கும். ஆனால் அதே காலம் மறுபக்கத்தையும் காட்டியது. தமிழ்நாட்டின் கிராமப்புறங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்த ஆய்வு, 2021 டிசம்பரில் கணக்கிலும் தமிழிலும் பெரிய இழப்பைக் கண்டது. பள்ளிகள் திறந்து ஆறு மாதத்தில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது. அந்த மீட்சியில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு, இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தின் தன்னார்வலர்கள் நடத்திய மாலை வகுப்புகளால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். தெருவில் உள்ள ஓர் அக்கா, பிள்ளைகளைச் சிறு குழுவாகத் திண்ணையிலோ பள்ளியிலோ உட்காரவைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொல்லிக்கொடுத்த வகுப்பு அது. நேரடி வகுப்பையும் ஆன்லைனையும் கலந்து நடத்துவதை பிளென்டட் என்று சொல்கிறார்கள். அந்தக் கலவையில் மனிதரின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். மனிதரின் பங்காக ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும் இருந்தால் அது கலவை ஆகாது.

ஆகவே அடுத்த முறை ஒரு கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், விளம்பரத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் அதன் வகையில் வைத்துப் பார்க்கலாம். எத்தனை மணி நேர வீடியோ என்று கேட்பதைவிட, வாரத்துக்கு எத்தனை தடவை பிள்ளை பார்க்காமல் எழுத வேண்டும் என்று கேட்கலாம். எழுதியதை யார் திருத்துகிறார், எத்தனை நாளில் திருத்தித் தருகிறார் என்று கேட்கலாம். பச்சை டிக் எதற்கு விழுகிறது, வீடியோ ஓடினாலா, கேள்விக்கு விடை சொன்னாலா என்று கேட்கலாம். பின்தங்கியவரைக் கண்டுபிடித்துப் போன் செய்ய ஆள் இருக்கிறாரா, இறுதித் தேர்வு எங்கே யார் கண்காணிப்பில் நடக்கிறது என்று கேட்கலாம். இவற்றுக்குத் தெளிவான பதில் இருந்தால், எல்.எம்.எஸ். பழையதாக இருந்தாலும் வீடியோ மங்கலாக இருந்தாலும் சேரலாம். பதில் இல்லையென்றால் அதே வீடியோக்களுக்கு ஈடானவை யூடியூபில் இலவசமாகக் கிடைக்கும். கோர்ஸ் நடத்துகிற நிறுவனங்களும், அரசுத் தளங்களும்கூட, பதிவு செய்தவர் எண்ணிக்கையோடு நிற்காமல் தேர்வு எழுதியவர் எத்தனை பேர், தேறியவர் எத்தனை பேர் என்று சேர்த்து வெளியிட வேண்டும். தாமாக அதை வெளியிடும் நாள் வரும்வரை, அந்தக் கணக்கைக் கேட்டு வாங்கும் பொறுப்பு பணம் கட்டுகிறவர் பக்கம்தான் இருக்கிறது.